குளிர்காலம் முழுவதும் பிள்ளைகள் வீட்டில்: மதுரைப் பெற்றோருக்கு ஒரு பயண, காப்பீட்டு வழிகாட்டி

தீபாவளி முடிந்ததும் புறப்பட்டு, சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் அமெரிக்காவிலோ கனடாவிலோ பிள்ளைகள் இருக்கும் மதுரைப் பக்கத்துப் பெற்றோர் பலரின் கணக்கு. ஏறத்தாழ ஐந்தரை மாதம் வருகிறது. விசா விதிகளுக்கும் அது பொருந்துகிறது. ஆனால் அந்த ஐந்தரை மாதமும் அங்கே குளிர்காலம். போகிறவர்களுக்கு அறுபது, எழுபது வயது. அவர்களில் பெரும்பாலோர் சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ அன்றாடம் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள். இம்மூன்றும் சேரும்போது, பத்து நாள் சிங்கப்பூர் சுற்றுலாவுக்குத் திட்டமிடுவதுபோல் இதற்குத் திட்டமிட முடியாது.

வழக்கமாக நடப்பது என்னவென்றால், முதலில் மலிவாகக் கிடைத்த டிக்கெட்டை எடுத்துவிடுகிறார்கள்; புறப்படும் வாரத்தில் டிராவல்ஸ்காரர் டிக்கெட்டோடு சேர்த்துத் தரும் காப்பீட்டுக்கு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலேயே பணம் கட்டுகிறார்கள்; மருத்துவரைக் கடைசியாக ஒரு மரியாதைக்குப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். மருந்துச் சீட்டில் தொடங்கி, அதற்கு ஏற்ற காப்பீட்டைக் கண்டுபிடித்து, அதன்பிறகு தேதியையும் டிக்கெட்டையும் முடிவு செய்தால், பின்னால் வரும் சிக்கல்களில் பாதி தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும்.

நான்கு மாதம் முன்னால் மருத்துவரிடம்

நான்கு மாதம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவில் விற்கப்படும் பார்வையாளர் காப்பீடுகளில், முன்பே இருக்கும் நோய்க்கும் காப்பு தரும் திட்டங்கள் பல உண்டு. ஆனால் அந்த நோய் குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் 90 அல்லது 180 நாள், நிலையாக இருந்திருக்க வேண்டும் என்று அவை நிபந்தனை வைக்கின்றன. புதிய அறிகுறி இல்லாமல் இருப்பதோடு, மருந்தும் அதன் அளவும் மாறாமல் இருப்பதையும் சேர்த்துத்தான் நிலையானது என்று கணக்கிடுகிறார்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பரிசோதனைக்குப் போய், மருத்துவர் நல்லெண்ணத்தோடு ரத்த அழுத்த மாத்திரையை 40 மில்லிகிராமிலிருந்து 80 ஆக உயர்த்தினால், உடம்புக்கு அது நன்மை. பாலிசியின் பார்வையிலோ அன்றே நிலைத்தன்மை போய்விடுகிறது. எனவே மாற்ற வேண்டிய மருந்துகளை முன்கூட்டியே (180 நாள் கேட்கும் திட்டம் என்றால் ஆறு மாதத்துக்கு முன்பே) மாற்றிக்கொண்டு, அதன்பின் அவசியமில்லாமல் அளவில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. உடல்நிலை கட்டாயமாகக் கேட்டால் மாற்றத்தான் வேண்டும். அப்போது அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அதே சந்திப்பில் மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். நோயின் பெயர், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் வணிகப் பெயரும் வேதிப் பெயரும், ஒவ்வொன்றின் அளவு, அண்மைய பரிசோதனை முடிவுகள் ஆகியவை அதில் தட்டச்சு செய்யப்பட்டு, கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். நம் ஊர் மருந்தின் வணிகப் பெயரை அமெரிக்க மருத்துவமனையில் சொன்னால் யாருக்கும் புரியாது. இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. நம் மருத்துவர்கள் சர்க்கரைக்கு மிகச் சாதாரணமாக எழுதித் தரும் கிளிக்லசைடு, வில்டாகிளிப்டின் ஆகிய மருந்துகள் அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை. கையில் இருக்கும் அட்டை தீர்ந்துவிட்டால் அங்குள்ள மருத்துவர் வேறொரு மருந்துக்குத்தான் மாற்ற முடியும். அந்த மாற்றத்துக்கான ஆலோசனைக் கட்டணத்தையும் மருந்து விலையையும் பெரும்பாலான பார்வையாளர் காப்பீடுகள் ஏற்பதில்லை. உங்கள் சீட்டில் இப்படி ஏதேனும் இருந்தால், அதற்கு மாற்றாக அங்கே எதைக் கேட்க வேண்டும் என்பதையும் மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பல்லையும் கண்ணையும் இங்கேயே முடித்துவிட்டுப் போக வேண்டும். விபத்தில் பல் உடைந்தாலோ திடீரென்று தாங்க முடியாத வலி வந்தாலோ மட்டுமே காப்பீடு ஏதோ கொஞ்சம் தரும்; ஆடிக்கொண்டிருக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் பாதியில் நிற்கும் வேர்ச் சிகிச்சைக்கும் தராது. 1976இல் தொடங்கி ஊருக்கே கண்ணாக இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை பக்கத்தில் இருக்கும்போது, கண்ணைப் பரிசோதித்து இரண்டு சோடிக் கண்ணாடி செய்துகொண்டு போகாமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. இன்ஃபுளுயன்சா (ஃப்ளூ காய்ச்சல்), நிமோகாக்கல் (நிமோனியா) தடுப்பூசிகளைப் பற்றியும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் தங்கலாம்

அமெரிக்காவின் பி-2 என்ற சுற்றுலா விசா பெரும்பாலும் பத்தாண்டுக்குத் தரப்படுகிறது. ஆனால் விசாவின் காலம் வேறு, தங்கும் காலம் வேறு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை நீங்கள் இறங்கும் விமான நிலையத்தின் அதிகாரிதான் முடிவு செய்கிறார். வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். அந்தத் தேதி ஐ-94 என்ற மின்பதிவில் ஏறும். இறங்கிய இரண்டொரு நாளில் அந்தப் பதிவை இணையத்தில் எடுத்துப் பார்த்து, பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் தேதியும் சரியா என்று பிள்ளைகள் சோதித்து, ஒரு படி அச்செடுத்து வைக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டை அந்தக் கடைசித் தேதிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். பனிப்புயலோ காய்ச்சலோ வந்தால் அந்த இரண்டு வாரம்தான் கைகொடுக்கும். நீட்டிக்கவே வேண்டும் என்றால் ஐ-539 விண்ணப்பத்தை அந்தத் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும். காப்பீட்டையும் அதற்கு முன்பே நீட்டியிருக்க வேண்டும்.

கனடாவில் சாதாரணப் பார்வையாளர் விசாவுக்கும் ஆறு மாதம்தான் வழக்கம். பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கென்றே அங்கே சூப்பர் விசா இருக்கிறது. 2022 ஜூலை முதல் ஒரு நுழைவில் ஐந்தாண்டு வரை தங்க அது இடம் தருகிறது. அதற்குக் குறைந்தது 1,00,000 கனடா டாலர் காப்பு கொண்ட, நுழையும் நாளிலிருந்து ஓராண்டாவது செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீட்டை விண்ணப்பிக்கும்போதே காட்ட வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம். ஒரே ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் போகிறவர்களுக்குச் சூப்பர் விசா தேவையே இல்லை என்பது என் கருத்து. அந்த ஓராண்டுக் காப்பீட்டுச் செலவு வீண்.

பிரிட்டனில் வழக்கமான வருகையாளர் விசாவுக்கு ஆறு மாதம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் மட்டுமே. குறைந்தது 30,000 யூரோ காப்பும் கட்டாயம். ஆகவே ஜெர்மனியில் மகள் இருந்தால் முழுக் குளிர்காலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரசவத் தேதியை ஒட்டி மூன்று மாதத்தை நாள் எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் இந்தக் கட்டுரையின் கம்பளிப் பகுதியைத் தாண்டிவிடலாம்: நமக்கு மார்கழி என்றால் அங்கே நல்ல வெயில் காலம்.

கடவுச்சீட்டு திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருப்பது பாதுகாப்பு. மதுரையிலேயே மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகம் இருப்பதால் புதுப்பிப்பதற்குச் சென்னை வரை அலைய வேண்டியதில்லை. விசா நேர்காணலுக்குத்தான் சென்னை. பழைய கடவுச்சீட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால், புதியதோடு பழையதையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

காப்பீடு: எங்கே வாங்குவது, எதைப் படிப்பது

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். இங்கே நீங்கள் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டும் மருத்துவக் காப்பீடும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், அரசு ஓய்வூதியர்களுக்கான காப்பீடும் அங்கே உதவா. பிள்ளைகளுக்கு அவர்கள் அலுவலகம் தரும் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்ப்பதும் அமெரிக்காவில் பெரும்பாலும் முடியாது. கனடாவின் மாகாணக் காப்பீடுகள் பார்வையாளர்களைச் சேர்ப்பதில்லை. பிரிட்டனில் விபத்து, அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம் என்றாலும், வார்டில் சேர்த்தவுடன் கட்டணம் தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் வெளிநாட்டு வருகையாளர்களுக்கு அரசு விகிதத்தில் 150 சதவீதம் வசூலிக்கிறார்கள். அங்கே 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்தால் அடுத்த விசாவே சிக்கலாகிவிடும்.

வாங்குவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. இந்திய நிறுவனங்களின் வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டை ரூபாயில், புறப்படுவதற்கு முன் வாங்கிவிட வேண்டும். ஒரு பயணத்துக்குப் பொதுவாக 180 நாள் வரை தருகிறார்கள். மருத்துவத்தோடு பெட்டி தொலைவது, விமானத் தாமதம், கடவுச்சீட்டு தொலைவது ஆகியவையும் அதில் சேர்ந்துவரும். ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும், அறுபது வயதுக்குக் கீழே நோயில்லாமல் இருப்பவர்களுக்கும் இதுவே போதும். அறுபது, எழுபது தாண்டியவர்களுக்கு விற்கும் பாலிசிகளில்தான் கவனம் தேவை. முகப்பில் 1,00,000 டாலர் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். உள்ளே அட்டவணையில், அறை வாடகை நாளொன்றுக்கு இவ்வளவுதான், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இவ்வளவுதான், அறுவை மருத்துவருக்கு இவ்வளவுதான் என்று துணை வரம்புகள் இருக்கும். முகப்பை விட்டுவிட்டு அந்த அட்டவணையைத்தான் படிக்க வேண்டும்.

இரண்டாவது வழி, அமெரிக்காவில் விற்கப்படும் பார்வையாளர் காப்பீடு. பிள்ளைகள் டாலரில் கட்டி இணையத்தில் வாங்கலாம். புறப்பட்ட பின்னும் வாங்கலாம். இதில் இரண்டு வகை உண்டு, விலையில் பெரிய வேறுபாடும் உண்டு. நிர்ணயத் தொகை வகையில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு உச்சத் தொகை எழுதப்பட்டிருக்கும். உதாரணத்துக்கு, மருத்துவமனை அறைக்கு நாளொன்றுக்கு 1,500 டாலர் என்று பாலிசியில் இருந்து, மருத்துவமனை 4,000 டாலர் போட்டால், மீதி 2,500 டாலர் ஒவ்வொரு நாளும் உங்கள் தலையில் விழும். விரிவான வகையில் கணக்கு வேறு. டிடக்டிபிள், அதாவது முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை, 250 டாலர், அதன்பின் முதல் 5,000 டாலருக்கு 80 சதவீதம், அதற்கு மேல் முழுவதும் என்று பாலிசி சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாலிசிக்கு உட்பட்ட சிகிச்சைக்கு 20,000 டாலர் பில் வந்தால், முதலில் 250, பிறகு 5,000இல் 20 சதவீதமான 1,000, ஆக 1,250 டாலர் உங்கள் பங்கு. மீதி 18,750 டாலரை நிறுவனம் ஏற்கும். ஆறு மாதத்துக்குப் பிரீமியம் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் காப்பீடு வாங்குவதே பெரிய பில்லுக்குப் பயந்துதான் என்னும்போது, பெரிய பில்லில் கைவிடுகிற நிர்ணயத் தொகைப் பாலிசியை அமெரிக்காவுக்குப் போகும் அறுபது வயதுக்காரருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது, முன்பே இருக்கும் நோய். அமெரிக்கப் பாலிசிகளில் இந்த நோய்களுக்குப் பொதுவாகக் காப்பு இல்லை. ஆனால் அந்த நோய் முன்னறிவிப்பு இல்லாமல் திடீரென்று முற்றி, உடனடிச் சிகிச்சை தேவைப்பட்டால் அதை ஏற்கும் ஒரு பிரிவு விரிவான வகைகளில் இருக்கும். அதற்கு மூன்று வரம்புகள் இருப்பதைப் பார்க்க வேண்டும். முதலாவது நேரம்: அறிகுறி தொடங்கி 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும் என்பது பல பாலிசிகளின் நிபந்தனை. நெஞ்சில் ஏதோ பிசைகிறது, காலையில் சொல்லிக்கொள்ளலாம், பிள்ளைக்கு வேலை இருக்கிறது என்று இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளும் நம் பழக்கம் இங்கே உயிருக்கும் ஆபத்து, கோரிக்கைக்கும் ஆபத்து. இரண்டாவது வயது: 70 வயதிலும் 80 வயதிலும் இந்தக் காப்பு சுருங்கும் அல்லது நின்றுவிடும். தங்கியிருக்கும்போதே 70 வயது நிறைகிறவர் என்றால் எந்தத் தேதியின் வயதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள். மூன்றாவது தொகை: மொத்தக் காப்பு பெரிதாக இருந்தாலும் இந்தப் பிரிவுக்குத் தனியாகச் சிறிய உச்சவரம்பு இருக்கலாம். வழக்கமான பரிசோதனை, மாதாந்திர மாத்திரை, டயாலிசிஸ் ஆகியவை எதிலும் சேரா. சில மாதங்களுக்கு முன்புதான் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவருக்கு, எந்தப் பாலிசி நல்லது என்று தேடுவதைவிட, இந்தக் குளிர்காலம் போகாமல் அடுத்த ஆண்டு மே மாதம் போகலாமா என்று யோசிப்பதுதான் அறிவுடைமை.

விண்ணப்பப் படிவத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்ப வேண்டும். முகவர் வேலையை விரைவாக முடிக்க, நோய் பற்றிய எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று தட்டிவிடுவது உண்டு. "சார், சுகர் எல்லாருக்கும் இருக்கிறதுதானே, அதைப் போய் எழுதினால் பிரீமியம் ஏறும்" என்பார். ஏறட்டும். மருத்துவமனையில் சேர்ந்தால் முதல் கேள்வியே எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை என்பதுதான். நீங்கள் சொல்லும் பதில் அங்கே பதிவாகும். அந்தப் பதிவு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். படிவமும் பதிவும் முரண்பட்டால் கோரிக்கையை மறுப்பதற்கு அவர்களுக்கு வேறு காரணமே தேவைப்படாது.

பாலிசி தொடங்கும் நாள் இங்கே விமானம் ஏறும் நாளாக இருக்க வேண்டும், இறங்கும் நாளாக அல்ல. முடியும் நாளைத் திரும்பும் தேதிக்கு ஒரு வாரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இறந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு பாலிசியில் இருக்கிறதா என்று பார்ப்பதை அபசகுனம் என்று நினைத்து யாரும் தவிர்க்க வேண்டாம்.

மழை, மூடுபனி, பனிப்புயல்

மதுரையிலிருந்து புறப்படுவதில் ஒரு குளிர்காலச் சிக்கல் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் உச்சமும் நாம் புறப்படும் காலமும் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள் கணக்கில் மூடப்பட்டது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் ஓடுதளம் மீண்டும் மூடப்பட்டது. 2023 டிசம்பர் மாதத்திலேயே தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ரயில்களும் நின்றன. ஆகவே நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை புறப்படுகிறவர்கள், திருச்சி, கொச்சி, திருவனந்தபுரம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் டிக்கெட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். திருச்சி காரில் இரண்டு இரண்டரை மணி நேரம்தான். சென்னைதான் என்று முடிவானால், விமானத்துக்கு முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை; தாம்பரத்தில் இறங்கினால் மீனம்பாக்கம் பக்கம்.

மதுரையிலிருந்து சென்னைக்கோ மும்பைக்கோ தனி டிக்கெட்டும், அங்கிருந்து வெளிநாட்டுக்கு இன்னொரு டிக்கெட்டுமாக எடுத்தால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் முழுப் பயணமும் வந்தால் சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் தாழ்வில்லை. டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும் டெல்லி வழியாகப் போவதைத் தவிருங்கள். மூடுபனி அங்கே ஆண்டுதோறும் வருவது. அபுதாபி வழியாக அமெரிக்கா போனால் அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும். இறங்கிய பின் வரிசையில் நிற்க வேண்டாம் என்பது வசதி; அதற்கேற்ப அபுதாபியில் இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

தாமதத்துக்கான காப்பு, பாலிசியில் சொன்ன மணி நேரத்தைத் தாண்டினால் மட்டுமே கிடைக்கும். அதற்கும் விமான நிறுவனத்திடம் எழுத்தில் சான்று வாங்க வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் காப்பீடு அந்தப் புயலுக்குப் பெரும்பாலும் உதவாது. சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். நன்றாக நடக்கிறவர்களும்கூட ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் கேட்கலாம். பெரிய விமான நிலையத்தில் அதுதான் வழிகாட்டி.

பெட்டிக்குள்

மாத்திரைகளைக் கைப்பையில் கொண்டுபோக வேண்டும். குறிப்பாக இன்சுலின், சரக்குப் பகுதியில் உறைந்து கெட்டுப்போகக்கூடும். மருந்துக்கடையில் முழு அட்டையாக, முழுப் பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் கத்தரிக்கோலால் பாதி அட்டையை வெட்டித் தரும்போது மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலுமாகப் போய்விடும். பெயரில்லாத பத்து மாத்திரையைப் பார்க்கும் சுங்க அதிகாரிக்கு அது என்ன என்று தெரிய வழியில்லை. உங்கள் பெயரில் பில்லும் வேண்டும். அமெரிக்காவுக்கு 90 நாள் அளவுக்கு மேல் ஒரே நேரத்தில் கொண்டுபோகாமல் இருப்பது அங்குள்ள பொது வழிமுறை. அதற்கு மேல் தேவைப்படுவதைப் பின்னால் வருவிக்க, மருத்துவர் தந்த கடிதமும் சீட்டும் உதவும். யார் வாங்கி அனுப்புவது என்பதை ஊரில் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

வளைகுடா வழியாகப் போகிறவர்கள் இரண்டு வகைப் பொருள்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கால் எரிச்சலுக்கு எழுதித் தரும் பிரிகாபலின், வலிக்குத் தரும் டிரமடால் ஆகியவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. அந்நாட்டுக்குள் கொண்டுபோக முன்அனுமதி வேண்டும். கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். குருமாவுக்கு வீட்டில் அரைத்த மசாலாவில் கசகசா சேர்த்திருந்தால் அதை மதுரையிலேயே விட்டுச் செல்லுங்கள். அமெரிக்காவுக்குக் கறிவேப்பிலையும் கொண்டுபோகக் கூடாது. எலுமிச்சை இன மரங்களைத் தாக்கும் பூச்சி அதன்மூலம் பரவும் என்பதால் தடை. ஊறுகாயும் சாம்பார்ப் பொடியும் போகும். எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று அறிவித்துவிடுங்கள். அறிவித்தால் பொருள்தான் போகும், மறைத்தால் அபராதம்.

கம்பளியை இங்கே தேடி அலைய வேண்டாம். உள்ளே போடும் தெர்மல் உடை இரண்டு சோடி, காது மூடும் தொப்பி, ஒரு ஸ்வெட்டர் போதும். கனத்த மேலங்கியும் பிடிப்புள்ள காலணியும் அந்த ஊர்க் குளிருக்கு ஏற்றதாக அங்கேதான் கிடைக்கும்.

அங்கே போன பிறகு

டிசம்பரிலும் அதிகாலையில் இருபது டிகிரி இருக்கும் ஊரிலிருந்து, பகலிலேயே பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் ஊருக்குப் போகிறோம். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும். கருவியைக் கொண்டுபோய் முதல் இரண்டு வாரம் தினமும் பார்த்து எழுதி வைப்பது நல்லது. பனியைவிட ஆபத்தானது, பனி உருகி இரவில் மறுபடி உறைந்து தரையோடு தரையாகக் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் பனிக்கட்டிப் படலம். ரப்பர்ச் செருப்போடு குப்பை போடப் போய் இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வது எளிது. வாசலில் குவியும் பனியை மண்வெட்டியால் தள்ளும் வேலையை அப்பாக்கள் கையில் எடுக்கக் கூடாது. கடுங்குளிரில் திடீரென்று செய்யும் அந்தக் கடும் உழைப்பு மாரடைப்புக்குப் பேர்போன காரணம். கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிகள் வெந்நீர்ப் பையையும் மின் வெப்பத் துணியையும் பாதத்தில் வைக்க வேண்டாம்; சுட்டுப் புண்ணானதே தெரியாமல் போகும். நான்கரை, ஐந்து மணிக்கே இருட்டிவிடுவது மனத்தைச் சோர்வாக்கும். மதிய வெயில் அடிக்கும்போது அரை மணி நேரம் வெளியே நடந்துவிடுங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே போவது என்பதை முதல் வாரத்திலேயே பிள்ளைகள் கண்டுபிடித்து வைக்க வேண்டும். காய்ச்சல், இருமல், சிறு காயத்துக்கு அர்ஜென்ட் கேர் நிலையங்கள் இருக்கின்றன. அவசரப் பிரிவோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. பாலிசியோடு ஒப்பந்தம் உள்ள நிலையம் எது, மருத்துவமனை எது என்று முகவரியோடு எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், கை கால் இழுத்தல், மூச்சுத் திணறல் என்றால் ஒப்பந்தப் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்காமல் 911க்கு அழைக்க வேண்டும். அமெரிக்காவில் 1986இல் வந்த சட்டப்படி, பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமல் அவசரப் பிரிவு நோயாளியைப் பரிசோதித்து நிலைப்படுத்தியாக வேண்டும். பில் பிறகு வரும். சேர்த்தவுடன், பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

பூட்டிய வீடு

மத்திய அரசு ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்று நவம்பர் மாதத்தில் வருகிறது. எண்பது வயதானவர்கள் அக்டோபரிலேயே தரலாம். வெளிநாட்டில் இருந்தால் இந்தியத் தூதரக அலுவலகத்தின் வழியாகவும் சான்று தர இயலும். மாநில அரசு ஓய்வூதியர்கள் தங்களுக்குரிய நேர்காணல் மாதம் எது என்று கருவூலத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வரும் சிம்மை வெளிநாட்டிலும் இயங்கும்படி ரோமிங் போட்டுச் செல்லுபடிக் காலத்தை நீட்டி வையுங்கள்; எண் செயலிழந்தால் மின்கட்டணம்கூடக் கட்ட முடியாது. உள்நாட்டு மருத்துவக் காப்பீட்டின் புதுப்பிப்புத் தேதி குளிர்காலத்தில் வந்தால் முன்னதாகவே கட்டிவிடுங்கள். காலாவதியானால், பழைய நோய்களுக்குக் காப்பு கிடைப்பதற்காகப் பல ஆண்டு கடந்துவந்த காத்திருப்புக் காலம் வீணாகும். வீட்டுக்குத் திருட்டுக் காப்பீடு எடுத்தவர்கள், தொடர்ந்து இத்தனை நாள் ஆளில்லாமல் பூட்டிக்கிடந்தால் காப்பு இல்லை என்ற விதி இருக்கிறதா என்று படித்து, இருந்தால் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். பக்கத்துக் காவல் நிலையத்தில் பூட்டிய வீட்டைப் பற்றிச் சொல்லிவைப்பது நல்லது; தெருமுழுக்கச் சொல்லிவைப்பது நல்லதல்ல.

கோரிக்கை

அமெரிக்க மருத்துவமனைப் பில் ஒரே காகிதமாக வராது. மருத்துவமனை, மருத்துவர், ஆய்வகம், எக்ஸ்ரே பார்த்தவர், ஆம்புலன்ஸ் என்று தனித்தனியாக, சில நேரம் நீங்கள் ஊர் திரும்பி மாதங்கள் ஆன பிறகும் பிள்ளையின் முகவரிக்கு வந்துகொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு செலவும் தனித்தனியாகக் காட்டப்பட்ட பில், வீடு திரும்பும்போது தரும் மருத்துவச் சுருக்கம், மருத்துவர் குறிப்பு, கட்டிய ரசீது, கடவுச்சீட்டில் நுழைவுப் பக்கம் ஆகியவற்றின் படியை ஒரே கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும். கோரிக்கைக்குக் கெடு உண்டு. முழுப் பில்லும் வரட்டும் என்று காத்திருக்காமல் முதல் பில்லோடு கோரிக்கையைத் தொடங்கி, மற்றவற்றைப் பின்னால் சேருங்கள். இந்திய நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அமெரிக்கப் பாலிசிக்கு இந்த வழி பொருந்தாது. மேல்முறையீட்டுக்குப் பாலிசியிலேயே சொல்லப்பட்ட முறையில் எழுதி, அதன்பிறகு பிள்ளைகள் அந்த மாநிலத்தின் காப்பீட்டுத் துறையில் புகார் தர வேண்டும்.